வயதைப் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் யார்? சத்திரப்பட்டியில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறவர், பால்கோவா கடைக்காரர், மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியர். வாசலில் நிற்பது ஒரு மாருதி 800, ஆல்ட்டோ, ஆம்னி, சான்ட்ரோ அல்லது இண்டிகா. தவணை கட்டி முடித்து வருஷங்கள் ஆகியிருக்கும். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மதுரை ஆஸ்பத்திரிக்கு, வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்கு, சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு, நடுவில் ஒரு கல்யாணம், ஒரு துக்கம். மற்ற நாளெல்லாம் துணி போர்த்தி நிற்கிற வண்டி அது.

இந்தக் குடும்பங்களின் தலையில் சத்தமில்லாமல் ஒரு பாரம் ஏறியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த சொந்த உபயோகக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 மார்ச் வரை கட்டணம் ரூ.600. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அது ரூ.5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் 20-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இன்னொரு அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி 20 ஆண்டு கடந்த காருக்கு ரூ.10,000. இருசக்கர வாகனத்துக்கு முதலில் ரூ.300 இருந்தது, 15 ஆண்டு கடந்தால் ரூ.1,000 என்று ஆகி, 20 ஆண்டு கடந்தால் ரூ.2,000 என்று நிற்கிறது. இதற்கு மேல் மாநில அரசின் பசுமை வரி தனி, புகைச் சான்று தனி, காப்பீடு தனி.

இருபது வருஷத்து ஆல்ட்டோவை இன்று விற்கப் போனால் அறுபதாயிரம், எழுபதாயிரம் கிடைத்தால் பெரிது. அந்த மதிப்பில் ஆறில் ஒரு பங்கை, ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் தேதியை நீட்டிக் கொடுப்பதற்காக மட்டும் வாங்குகிறார்கள். பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடும் பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல்லுக்கு ரூ.2,000 என்பது, அந்த வண்டியை நம்பிப் பிழைப்பவரின் சில நாள் வருமானம்.

தாமதத்துக்கும் தண்டம் உண்டு. பதிவு முடிந்தும் புதுப்பிக்காத காருக்கு மாதத்துக்கு ரூ.500, இருசக்கர வாகனத்துக்கு மாதத்துக்கு ரூ.300 ஏறிக்கொண்டே போகும். வண்டி வாங்கியபோது கொடுத்த செல்போன் எண் இன்று பலரிடம் இல்லை. பதிவுச் சான்றின் கடைசித் தேதியை எடுத்துப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் குறைவு. போலீஸ் சோதனையில் நிறுத்தும்போதோ, விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும்போதோதான் ‘ஆர்.சி. முடிந்து போச்சே’ என்று தெரிய வருகிறது. இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்ட காருக்குத் தாமதக் கட்டணம் மட்டும் ரூ.12,000.

பயமுறுத்தும் வதந்தி

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடுவோம். ‘பதினஞ்சு வருஷம் ஆயிட்டா வண்டியை உடைச்சுடணும்’ என்று டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்கிறது. அதன்பின் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். எத்தனை முறை என்று வரம்பு கிடையாது.

டெல்லியின் நிலைமை வேறு. அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பங்க்குகளில் எரிபொருளே போடக் கூடாது என்று தொடங்கி, மக்கள் எதிர்ப்பால் சில நாட்களிலேயே டெல்லி அரசு பின்வாங்கியது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே, வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை, புகை அளவுக்கான பாரத் ஸ்டேஜ் தரத்தில் பி.எஸ். 4-உம் அதற்கு மேற்பட்ட தரமும் கொண்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயது என்ற ஒற்றை அளவுகோலை வைத்துக்கொண்டு மூச்சுத் திணறும் தலைநகரத்திலேயே நிலையான முடிவுக்கு வர முடியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்று வீசும் இரண்டு ஊர்களுக்கு அதே அளவுகோலைக் கட்டணமாக மாற்றி நீட்டுவது எந்த வகையில் நியாயம்?

இந்த வதந்தியால் லாபம் அடைபவர்கள் இருக்கிறார்கள். ‘இனி இது ஓடாதுங்க, தள்ளிவிடுங்க’ என்று சொல்லி, நல்ல வண்டியை இரும்பு விலைக்குக் கேட்பவர்கள் அவர்கள். சட்டம் தெரியாத குடும்பம் ஏமாந்து போகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே ஒரு தெளிவான அறிவிப்புப் பலகை வைத்தால் இந்த ஏமாற்று பாதி குறையும்.

நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் ஒரே கட்டணம்

கட்டணத்தை உயர்த்தியதன் நோக்கம் வெளிப்படையானது. 2021 ஆகஸ்ட் 13-இல் பிரதமர் தொடங்கி வைத்த பழைய வாகன அழிப்புக் கொள்கையின் ஒரு கை அது. பழைய வண்டியைப் பதிவுபெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கினால், புதிய சொந்த வாகனத்துக்கு மாநிலங்கள் 25 சதவீதம் வரை வரிச் சலுகை தரலாம் என்பது ஒரு பக்கம். வண்டியை வைத்துக்கொண்டால் செலவு கூடும் என்பது மறுபக்கம். புகை கக்கும் வண்டிகள் போக வேண்டும், சாலை பாதுகாப்பாக வேண்டும் என்ற எண்ணத்தில் நமக்கு மறுப்பில்லை.

மறுப்பு வேறு இடத்தில். ரூ.10,000 கட்டணம் வண்டியின் நிலையைப் பார்த்து வருவதில்லை, ஆர்.சி.யில் அச்சான ஆண்டைப் பார்த்து வருகிறது. ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி, பிரேக் பார்த்து, துருவுக்கு முன்பே டிங்கரிங் செய்து காப்பாற்றிய காருக்கும், சைலன்சர் ஓட்டையோடு கறுப்புப் புகை விடும் காருக்கும் ஒரே ரசீதுதான். ஒழுங்காகப் பராமரித்தவருக்கு இந்த முறையில் ஒரு பைசா சலுகை கிடையாது.

இதே நாட்டில் காப்பீட்டுத் துறை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பாருங்கள். விபத்து ஆபத்தை அளப்பதே அவர்கள் தொழில். சொந்தக் காருக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூன் முதல் அரசு நிர்ணயித்த தொகை, 1,000 சி.சி.க்கு உட்பட்டால் ரூ.2,094, 1,500 சி.சி. வரை ரூ.3,416. வண்டியின் வயது அதில் ஒரு காரணியே இல்லை. சாலையில் இன்னொருவருக்கு ஏற்படக்கூடிய ஆபத்துக்கே வயதைப் பார்த்துக் கட்டணம் கூட்டவில்லை, ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது மட்டும் ஏன்?

இன்னொரு ஒப்பீடும் மனதை உறுத்துகிறது. 50 ஆண்டு கடந்த ‘விண்டேஜ்’ கார்களுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. புதிய பதிவுக்கு ரூ.20,000, பிறகு மறுபதிவுக்கு ரூ.5,000. கண்காட்சிக்கும் பேரணிக்கும் மட்டும் எடுக்கப்படும் கார்கள் அவை. அவற்றின் மறுபதிவுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கை, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு குடும்பத்தின் கார் கட்டுகிறது.

பிரிட்டனில் மூன்று வயது கடந்த கார்கள் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். காருக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு. நான்கு வயதுக் காருக்கும் இருபத்து நான்கு வயதுக் காருக்கும் அதே உச்ச வரம்பு. எந்தக் குறையால் தேறவில்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பழைய சோதனைகளின் முடிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சோதனை கடுமையானது, கட்டணம் சமமானது. நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

‘புதுசு எடுத்துக்க வேண்டியதுதானே?’

எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, விலையும் இறங்கியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய கார் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு ஆண்டு தவணை என்று வைத்தால் மாதம் சுமார் ரூ.8,170 கட்ட வேண்டும். முடியும்போது ரூ.6.86 லட்சம் கட்டியிருப்போம், அதில் 1.86 லட்சம் வட்டி மட்டும். இதற்கு முன்பே தமிழ்நாட்டின் ஆயுள் வரி 12 அல்லது 13 சதவீதம், முழுக் காப்பீடு எல்லாம் கையிலிருந்து போயிருக்கும்.

கவனித்து வைத்திருக்கும் பழைய சிறிய காருக்கு வருஷம் இருபது, முப்பதாயிரம் ஒதுக்கினால் பெரும்பாலும் போதும். கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், நாலு டயர் என்று ஒரே வருஷத்தில் சேர்ந்து வந்தாலும் புதுக் காரின் ஓராண்டுத் தவணையான தொண்ணூற்றெட்டாயிரத்தை அது எட்டுவது அரிது. மாதத்தில் நாலு தடவை வண்டி எடுக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம்தான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்.

சுற்றுச்சூழல் கணக்கும் முழுதாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு கார் சாலைக்கு வருவதற்கு முன்பே, இரும்பு உருக்கி, அலுமினியம் வார்த்து, பிளாஸ்டிக், கண்ணாடி எல்லாம் செய்து முடிப்பதற்குள் பல டன் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டியில் புது எஞ்சின் அந்தக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடும். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காரில் அது நீண்ட காலம் எடுக்கும். ஓடுகிற தூரத்தையும் சோதனையில் வருகிற புகையையும் பார்க்காமல், ‘பழையது என்றால் கெடுதல்’ என்று முத்திரை குத்துவது அறிவியலும் அல்ல.

பங்க்கில் ஒரே பெட்ரோல்

பழைய வண்டிக்குக் கட்டணம் மட்டும் சுமை அல்ல, எரிபொருளும்தான். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025-க்குள் நாடு முழுக்க அதுவே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தையவை அப்படி அல்ல. எரிசக்தி குறைவான எத்தனால் கூடினால் மைலேஜ் குறையும்; இ20-க்காக வடிவமைக்காத நாலு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் இருபது, முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. செலவு குறைவுதான் என்றும் சொன்னது.

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய தொல்லை அல்ல. வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் நம் ஊர்க் கார்களுக்குத்தான் தொல்லை. பழைய இரும்பு டேங்கில் ஈரம் சேரும், துரு வரும், அந்தத் துரு ஃபில்ட்டரையும் கார்புரேட்டரையும் அடைக்கும்.

எத்தனால் வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் விவசாயிக்கு அது வருமானம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம். தேர்ந்தெடுக்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் வாதம். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் வழக்கமான பெட்ரோலாக வந்தபோது, பழைய கார்களுக்காக 5 சதவீதப் பெட்ரோலை உயர்தரப் பம்புகளில் விட்டு வைத்தார்கள். எந்த மாடலுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க அரசே ஓர் இணையப் பக்கமும் தந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்டு நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனு 2025 செப்டம்பர் 1-இல் தள்ளுபடி ஆனது. ஆகவே இது இனி அரசு எடுக்க வேண்டிய கொள்கை முடிவு. தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது 10 சதவீத எத்தனால் கொண்ட இ10 பெட்ரோலுக்கு ஒரு பம்பு, எல்லாப் பம்பிலும் எத்தனால் அளவைத் தெளிவாகச் சொல்லும் தமிழ் எழுத்து, மாடல் வாரியாக ஒரு பட்டியல்: இவை மூன்றும் முடியாத காரியங்கள் அல்ல.

பாகம் கிடைத்தால்தானே பராமரிப்பு?

நம் ஊர்ப் பட்டறைகளில் வேலைத் திறமைக்குக் குறைவில்லை. 1936-இல் ராஜபாளையம் மில் தொடங்கிய காலத்திலிருந்து இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஃபிட்டர்களும் லேத்துக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஊர் இது. நூற்பாலையில் எந்த இயந்திரத்தையும் வாங்கிய வருஷத்தைப் பார்த்து உடைப்பதில்லை. நூல் எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஆனால் பாகம் வேண்டுமே. மாருதிக்குக் கவலை குறைவு. ஃபோர்டு வைத்திருப்பவர் நிலையை நினைத்துப் பாருங்கள். மறைமலைநகரில் நம் மாநிலத்திலேயே செய்த ஐகான், ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஷெவர்லே 2017-இன் இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. அம்பாசிடர் 2014-இல் நின்றது. ஒரு சென்சாருக்காக, ஒரு லோயர் ஆர்முக்காக மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய், அங்கும் இல்லாமல் கூரியருக்குக் காத்திருக்கும் கார்கள் நம் பட்டறை வாசல்களில் நிற்கின்றன. காத்திருக்க முடியாதவர் தரமற்ற பாகத்தை மாட்டுகிறார். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

இதற்குச் சட்ட அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அசல் பாகங்களையும் பழுது பார்க்கும் தகவலையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தங்கள் சர்வீஸ் மையங்களுக்குள்ளேயே பூட்டி வைத்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. தனிப் பட்டறைகளுக்கும் பாகம் விற்க வேண்டும், கையேடுகளும் சோதனைக் கருவிகளும் கிடைக்க வேண்டும் என்றது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’க்குக் குழு அமைத்தது. அந்த டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தின் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அதற்குப் பிறகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறைக்காரர் ஒரு மாடலின் வயரிங் வரைபடத்துக்காக யூடியூபைத் தேடிக்கொண்டிருக்கிறார். இணையதளம் உரிமை ஆகாது. மீறினால் தண்டனை என்று சட்டமாக வர வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே கார்களுக்கு அத்தகைய சட்டம் போட்டது.

வண்டியைத் தின்னும் தெருக்கள்

வண்டியைப் பழசாக்குவது வருஷங்கள் மட்டும் அல்ல, தெருக்களும்தான். பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணி குடிநீர்க் குழாய்க்கும் ராஜபாளையத்துத் தெருக்கள் தோண்டப்பட்டதும், மூடிய மண் மழைக்கு உள்வாங்கியதும், அதே இடத்தை மறுபடி தோண்டியதும் ஊர் அறிந்த கதை. குழாயும் சாக்கடையும் வேண்டும்தான். தோண்டிய தெருவை உடனே பழையபடி ஆக்குவதும் அதே வேலையின் ஒரு பகுதிதான்.

பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் பால் ஜாயின்டும் அடி வாங்குகின்றன. அலைன்மென்ட் விலகினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலை நெடுஞ்சாலைப் பயணத்தை எளிதாக்கும். ஆனால் காரின் அடிப்பகுதி நொறுங்குவது வீட்டிலிருந்து அந்த நெடுஞ்சாலைக்கு வந்து சேரும் தெருக்களில். ஒரு கையால் சாலையை உடைத்து வண்டியைத் தேய்த்துவிட்டு, மறு கையால் ‘உன் வண்டி தேய்ந்துவிட்டது, கட்டணம் கட்டு’ என்று கேட்பதை எந்தக் குடிமகனும் ஏற்க மாட்டார்.

ஓய்வு கொடுக்க வேண்டிய வண்டிகளும் உண்டு

பழைய வண்டி எல்லாமே நல்ல வண்டி என்று வாதாட வரவில்லை. அடிச்சட்டம் துருவேறிய கார், பிரேக் பிடிக்காத கார், புகையை அடக்கவே முடியாத டீசல் வேன் இவை சாலையில் இருக்கக் கூடாது. மாருதி 800-இல் காற்றுப்பை கிடையாது. புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அந்த வித்தியாசத்தை எந்தப் பராமரிப்பாலும் ஈடுகட்ட முடியாது. நெடுஞ்சாலையில் அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர்கள் அதை மனதில் வைத்து முடிவெடுப்பதே நல்லது.

ஆனால் போக வேண்டிய வண்டி எது என்று உண்மையான சோதனை சொல்ல வேண்டும். பெட்ரோல் காரின் ஐடிலிங் புகையில் கார்பன் மோனாக்சைடு பி.எஸ். 2, பி.எஸ். 3 வண்டிக்கு 0.5 சதவீதத்துக்கும், பி.எஸ். 4 வண்டிக்கு 0.3 சதவீதத்துக்கும் மிகக் கூடாது என்று விதி இருக்கிறது. பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்று வாங்க வேண்டும் என்றும் இருக்கிறது. அளவைச் சரியாக எடுத்தால் தகுதியற்ற வண்டி தானே வெளியேறும். அளவு எடுக்காமல் சான்று கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியே சாட்சி. வரம்பைத் தாண்டிப் புகை விட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு அங்கே சான்று கொடுக்கப்பட்டிருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை வெளிக்கொண்டு வந்தது.

யார் என்ன செய்ய வேண்டும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வயதை வைத்துப் போட்ட கட்டண அடுக்கை ரத்து செய்ய வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவை மட்டும் கட்டணமாக வைத்து, சோதனையைக் கடுமையாக்கட்டும். குறைந்தபட்சம், முதல் முயற்சியிலேயே தேறும் வண்டிக்கும் சிறிய இருசக்கர வாகனங்களுக்கும் பழைய கட்டணமே போதும் என்று அறிவிக்கலாம்.

மாநிலப் போக்குவரத்துத் துறை, பதிவு முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே உரிமையாளரின் முகவரிக்குத் தமிழில் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் அனுப்பாத வண்டிக்குத் தாமதக் கட்டணம் வாங்கக் கூடாது. டி.என். 84 பதிவெண் தரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், புதுப்பிப்புக்கு என்னென்ன பார்ப்பார்கள் என்ற பட்டியலைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தேறவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதைச் சரிசெய்து வந்தால் மறுபடி கட்டணம் கேட்கக் கூடாது. இது நடந்தாலே இடைத்தரகர்களுக்கு வேலை குறையும்.

எண்ணெய் நிறுவனங்கள் இரண்டு தாலுகாக்களிலும் இ10 பம்பு வைக்க வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கி, எத்தனை ஆண்டு பாகம் தருவோம் என்பதை வண்டி விற்கும்போதே எழுதித் தர வைக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று கல்வி நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பட்டறைக்காரர்களுக்கு மாலை நேரப் பயிற்சி, புகை அளவுக் கருவியும் ஸ்கேனரும் பகிர்ந்து பயன்படுத்த ஒரு கூடம், அனுபவத்துக்குச் சான்றிதழ் என்று மாவட்ட நிர்வாகம் முன்நின்று ஏற்பாடு செய்யலாம். நகராட்சி, தோண்டும் தெருவுக்கெல்லாம் மூடும் தேதியைப் பலகையில் எழுதி வைக்கட்டும். தேதி தவறினால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் போடட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது

இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, வண்டியை நேரில் காட்ட வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் உங்கள் இப்போதைய செல்போன் எண்ணைப் பதிந்துவிடுங்கள். பட்டறையில் செய்த வேலைக்கெல்லாம் ரசீது வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங் இந்த மூன்றில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். நெடுநாள் நிற்கப் போகும் வண்டியை வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள்; பழைய ரப்பர் எரிபொருள் ஓஸ்களை எத்தனால் தாங்கும் ஓஸாக மாற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

வண்டியைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தால், பதிவுபெற்ற மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, பதிவையும் ரத்து செய்யுங்கள். இரும்புக் கடையில் தள்ளிவிட்டு வந்தால் ஏட்டில் வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும். பாகம் தர மறுக்கும் நிறுவனத்தின் மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதிகள் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் வருகின்றன. கட்டணம் மத்திய விதி என்பதால், மாற்றும்படி கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். வணிகர் சங்கங்கள், பட்டறைத் தொழிலாளர் சங்கங்கள், ஓய்வூதியர் சங்கங்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு, ‘வயதுக்குக் கட்டணம் வேண்டாம், நிலைமைக்குச் சோதனை வேண்டும்’ என்று ஒரே மனுவாகத் தென்காசித் தொகுதி உறுப்பினரிடம் கொடுக்கட்டும். அதன் நகலை இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களிடமும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் சேர்க்கட்டும். 2022-இல் 600 ஐயாயிரம் ஆனபோது நாம் ஊர் கூடிக் கேட்கவில்லை. 2025-இல் இருபது வருஷ வண்டிக்கு அது பத்தாயிரம் ஆனது. அடுத்த அறிவிக்கை வருவதற்கு முன்பாவது நம் குரல் டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும்.